இருசப்பனின் அட்டை

இருசப்பனின் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவது என்று டாக்டர் ஜானகிராமன் முடிவு செய்துவிட்டார்.

செங்கல்பட்டில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவு அவருடையது. அட்டை இருந்தால்தான் அங்கே மாதா மாதம் மாத்திரை. அட்டை போனால் மாத்திரை போச்சு, கொஞ்ச நாளில் ஆளும் போச்சு. டாக்டருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மனுஷன் கொதித்துப் போயிருந்தார்.

காரணம் உண்டு. இந்த நோய்க்கு ஒன்றரை வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நம் ஜனங்களோ இருமல் நின்றதும் பொட்டலத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்கள். கருங்குழிக்காரர் ஒருவர் அப்படித்தான் போன வாரம் ரத்தம் ரத்தமாகக் கக்கிச் செத்துப்போனார். அன்றிலிருந்து டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இவன் சாப்பிடுகிறானா, இல்லை சாப்பிட்டதாகக் கதை விடுகிறானா?

அதனால்தான் இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சோதனை வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு மருந்தை விட்டால் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நிறம் மாறும். டிமிக்கி கொடுத்தவர்களுக்கு மாறாது.

நாற்பது பேரில் ஆறு பேர் அகப்பட்டார்கள். ஐந்து பேர் அவர் எதிர்பார்த்தவர்கள்தான். ஆறாவது பெயரைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இருசப்பன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கிறவன். பத்து மாதமாகத் தேதி தவறாமல் வருகிறவன். முதல் பஸ் பிடித்து வந்து வரிசையில் முதல் ஆளாக நிற்பான். விடிந்ததும் துப்பிய சளியை, ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவில் மூடி எடுத்து வருவான். ஆரம்பத்தில் அந்தச் சளியில் கிருமி மொய்த்துக் கிடந்தது. அப்புறம் குறைந்தது. கடைசி மூன்று மாதமாக ஒன்றுகூட இல்லை.

போன மாதம் மெட்ராஸிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்தபோது அவனை நடுவில் நிறுத்தி, "நான் கண்ணும் கருத்துமாப் பார்த்த கேஸ் சார்" என்று ஜானகிராமன் பெருமையடித்துக்கொண்டார். அந்தப் பெருமையில் இப்போது மண் விழுந்தது.

இருசப்பனை உள்ளே வரச் சொன்னார்.

"மாத்திரை சாப்பிடறியா?"

"சாப்ட்டுகினுதான் கீறேன் சார்."

"பொய்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். மாத்திரை பற்றாமல் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள், தெரியுமா என்றார். நாளைக்கு நீ ரத்தம் கக்கிக்கொண்டு வந்தால் நான் பொறுப்பில்லை என்றார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றவன், அவர் கை அட்டைக்குப் போனதும் பதறிக் குறுக்கே வந்தான்.

"அத்த மட்டும் கிழிக்காதீங்க சார். இன்னும் எட்டு மாசம் கீது. உங்களுக்குப் புண்ணியமாப் பூடும்."

"சாப்பிடாதவனுக்கு எதுக்குய்யா மாத்திரை?"

அந்த நேரம் பார்த்து லேப் உலகநாதன் அன்றைய சளி ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இருசப்பனுக்கு இந்த மாதமும் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மாத்திரையே சாப்பிடாதவனுக்கு நோய் எப்படிக் குணமாகும்? சிறுநீர் இங்கே பிடித்தது. சளி வீட்டிலிருந்து வந்தது.

"அந்த டப்பாவில இருக்கறது யாரோட சளி?"

இருசப்பன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எம் பொஞ்சாதி ஆதியம்மாது சார். மாத்திரையும் அதுதான் துன்னுது."

"அவளையே கூட்டிட்டு வர்றதுக்கென்ன?"

"நோவு எனக்குன்னா கட்டுமரத்தவுட்டு எறக்குவாங்க. அதுக்குன்னா வூட்டவுட்டே எறக்கிடுவாங்க சார். எங்க அம்மாவே மொத ஆளா நிக்கும்."

சொன்ன மாதிரியே அவனை இறக்கியும் விட்டார்கள். பத்து மாதமாக ஒருவரும் அவனைக் கடலுக்குக் கூட்டிப் போவதில்லை. கரையில் வலைக் கயிற்றின் கடைசியில் தனியாக நின்று இழுக்கிறானாம். ஆதியம்மாள் இருமும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று இவனும் சேர்ந்து இருமுவானாம், ஊருக்கு இவன் சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று.

டாக்டர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்த மனுஷனையா திருடன் மாதிரி நிற்க வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. அட்டையில் அடுத்த மாதத் தேதியைப் போட்டு, இருசப்பன் என்ற பெயரை அப்படியே விட்டு, அவன் கையில் கொடுத்தார். அடுத்த தடவை துணைக்கு வருகிறவள் மாதிரி அவளையும் கூட்டிக்கொண்டு வா, நான் பார்க்கிறேன் என்றார்.

ஆனாலும் ஒன்று அவரைக் குடைந்தது. கல்லு மாதிரி இருக்கிற ஒருவனைப் பத்து மாதமாகக் காசநோய்க்காரன் என்று எப்படி நம்பினோம்?

"ஏம்பா, ஒனக்கு நோயே இல்லைன்னு மொத நாளே நான் கண்டுபிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

இருசப்பன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கும்பிட்டான்.

"நெஞ்சுல குழாய வச்சா மாட்டிக்குவேன்னு மொத நாளு ஒடம்பெல்லாம் நடுங்கிச்சு சார். நீங்க குனிஞ்ச தலை நிமிராம எழுதிக் குடுத்துட்டீங்க. அதுக்கப்புறம் ஒரு தபா கூட எனக்கு பயமே வரல சார்."