ஏற்கெனவே உள்ள வியாதி

“வியாதி எதையும் மறைக்கக் கூடாது சார். அப்புறம் க்ளெய்ம் பண்றப்ப கம்பெனி கையை விரிச்சிடும்” என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் அம்மா, ஹெல்மெட்டை டீப்பாயில் வைத்தபடி.

லாசரஸ் மனைவியைப் பார்த்தார். ரத்தினபாய் மின்விசிறியைப் பார்த்தார்.

மறைப்பதில் அந்த வீட்டுக்குச் சமீபத்தில்தான் பயிற்சி. மகன் ஆரோனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அதை யோக்கியமாகச் சொல்லப் போய், வந்த சம்பந்தம் இரண்டும் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலோடு திரும்பிவிட்டன. மூன்றாவது, பாஸ்டர் சொன்ன, கீழ்க்கட்டளையில் இருக்கும் பெண் சுஜி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண் பார்க்கப் போகிறார்கள். இந்த முறை வாயே திறப்பதில்லை என்று தீர்மானம். யார் எப்போது வருவார்களோ என்று, ஆரோனின் இன்ஹேலர்கூட அரிசி டப்பாவுக்குள் குடிபோயிருந்தது.

இந்த ஏஜெண்டையும் பாஸ்டர்தான் அனுப்பியிருந்தார்.

“எனக்கு சுகர். இவளுக்கு பிரஷர், அது என்னால வந்தது” என்றார் லாசரஸ். “போதுமா?”

“பையனுக்கு?”

“கல்லு மாதிரி இருக்கான்.”

உள்ளறையில் கல் இருமியது.

“சார், இப்ப ரூல் மாறிடுச்சு. பழைய வியாதிக்கு நாலு வருஷம் காத்திருக்கணும்னு இருந்ததை மூணாக் குறைச்சிட்டாங்க. சொல்லிட்டா, அதுக்கப்புறம் அதுக்கும் கவர் உண்டு.”

“அஞ்சு வருஷம் பிரீமியம் கட்டிட்டா, மறைச்சிட்டேன்னு சொல்லித் தள்ள முடியாதாமே? பேப்பர்ல போட்டிருந்தான். அதுவரைக்கும் கம்முனு இருந்துட்டா?”

“வேணும்னே ஏமாத்தினீங்கன்னு நிரூபிச்சா, அப்பவும் போச்சு. சரி, அஞ்சு வருஷம் உங்க பையன் மூச்சு விடாம இருப்பாரா?”

கல் மறுபடி இருமியது.

ரத்தினபாய்தான் முதலில் உடைந்தார். “வீசிங்க்கா. பனிக்காலத்துல உட்கார்ந்தபடியே தூங்குவான். புள்ள தங்கம். மூச்சு மட்டும்தான் கொஞ்சம்...” உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “சம்பந்தம் வந்திருக்கு. வெளிய தெரிஞ்சா இதுவும் போயிடும்க்கா.”

“கம்பெனிக்குச் சொல்லித்தான் ஆகணும்மா. எந்த இன்ஹேலர்?”

ரத்தினபாய் சமையலறைக்குப் போய், ஒட்டியிருந்த அரிசியை ஊதித் தள்ளியபடியே கொண்டுவந்து காட்டினார். ஏஜெண்ட் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏனோ முகம் மலர்ந்தது. அவசரமாகக் கிளம்பிவிட்டார், ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல்.

லாசரஸ் அதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார். ஸ்கூட்டர் பக்கத்தில் முதுகைக் காட்டியபடி அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“சுஜி, அத்தை பேசறேண்டி. ஞாயித்துக்கிழமை அவங்க வர்றப்ப உன் இன்ஹேலரைப் பருப்பு டப்பாவுல ஒளிச்சு வைக்க வேணாம். மாப்பிள்ளையோடது அரிசி டப்பாவுல இருக்கு!”