கொசுறுப் பாட்டு

“இந்தப் பாட்டும் பாதியில நின்னுபோச்சு. இன்னான்னு கொஞ்சம் பாருங்க” என்று நிலவன் கேசட்டை மேஜைமேல் வைத்தான்.

ராமசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை முழுசாகப் பதிந்து கொடுத்தவளே அவள்தான்.

கல்மண்டபத்தில் அவள் அப்பா சுப்புராஜ் நடத்தும் ரெக்கார்டிங் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகு டேப்பில் மிச்சம் இருந்தால் அதை வெறுமனே விடக் கூடாது. ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்ப வேண்டும். டேப்பு தீர்கிற இடத்தில் பாட்டு நின்றுவிடும். கொசுறுதானே, யாரும் சண்டைக்கு வருவதில்லை.

கொசுறு போடுவது ராமசெல்வியின் இலாகா.

ஹார்பரில் இறங்கிய கப்பல்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன தொகுப்பு சிடி அவளிடம் இருந்தது. அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக். எல்லாரும் கேட்டு வாங்கும் பெரிய குழுக்களுக்கு நடுவே, ஒருவரும் சீந்தாத ஒரு குழுவுக்கு மூன்றே மூன்று பாட்டு ஒதுக்கியிருந்தார்கள்.

ஜாம்பீஸ்.

செத்தவன் எழுந்து நடக்கிற பேர். குரலோ காதோரம் ரகசியம் சொல்லும். இவர்களைப் போய் ஊர் கண்டுகொள்ளவில்லையே என்று அவளுக்கு ஒரே ஆற்றாமை. யார் என்ன பதியச் சொன்னாலும் கடைசியில் ஜாம்பீஸைச் செருகிவிடுவாள்.

புளியந்தோப்பு நிலவனுக்கும் அப்படித்தான் செருகினாள். பெரிய குழுக்களின் பாட்டுக்காகக் கேசட் வாங்கிப் போனவன், மறுவாரமே திருவொற்றியூர் ஃபாக்டரிச் சட்டையோடு ஓடி வந்தான்.

“கடைசியா பாடறது யாருங்க? உசுர உருவுது!”

இரண்டு வருஷக் கொசுறில், கேட்டவன் இவன் ஒருவன்தான். ராமசெல்விக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. பாட்டு ஏற்கெனவே பிடித்ததுதான், இது ஆள்.

முழுப் பாட்டையும் பதிந்து கொடுத்தாள். கூடவே இரண்டாவது பாட்டில் பாதி. டேப்பில் இடம் இருந்தும் நறுக்கென்று வெட்டினாள். வெட்டாவிட்டால் இவன் எதற்கு மறுபடி கடைப்பக்கம் வரப்போகிறான்?

வந்தான். இரண்டாவதை முழுசாகக் கொடுத்து, மூன்றாவதை வெட்டினாள். அதற்கும் வந்தான்.

அப்பா அன்றைக்குப் பார்த்துவிட்டார். “ஏட்டி, டேப்பு இருக்கும்போதே பாட்ட வெட்டுனா யாவாரம் வெளங்குமா? தம்பிக்கு முழுசாப் போட்டுக் குடு.”

வேறு வழியில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கடைசி ஆர்கன் சத்தம் அடங்கும்வரை கேட்டுப் பதிந்து கொடுத்தாள். மூன்று பாட்டும் தீர்ந்தது. இனி அவன் வர ஒரு சாக்கும் இல்லை என்று சனிக்கிழமை ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை இதோ வந்து நிற்கிறான்.

“மறுபடியும் வெட்டிட்டியாட்டி?” அப்பா முறைத்தார்.

டேப்பு எங்காவது சிக்கியிருக்கும் என்று நினைத்தபடி கேசட்டைச் செருகி ஹெட்ஃபோனை மாட்டினாள். பாட்டு ஓடியது. பாதி தாண்டியது. நிற்கவில்லை. கடைசி ஆர்கன்வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடி முடிந்தது.

நிமிர்ந்தாள். நிலவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படு சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

ராமசெல்வி ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

“ஆமாப்பா, பாதியில நிக்குது” என்றாள். “நாளைக்கு வாங்க, சரிபண்ணி வைக்கேன்.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“நாளைக்கு ஆவலன்னா நாளானிக்கு வர்றேன்” என்றான் நிலவன். “எனக்கு ஒண்ணியும் பேஜாரு இல்லீங்க.”