தம்பியின் ஏற்புரை

தம்பி மேடையில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

விழாவின் சிறந்த படம் அவனுடையது. நாற்பது நாட்டுப் படங்கள் வந்த இடத்தில் கடைசியாக அவன் பெயரை வாசித்தார்கள். கையிலிருந்த வெண்கலச் சிலை ஆடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

தயாரிப்பாளருக்கு நன்றி சொன்னான். ஒளிப்பதிவாளருக்கு, நடித்தவர்களுக்கு, மழையில் கேமராவுக்குக் குடை பிடித்தவர்களுக்கு. ஓட்டலிலிருந்து அழைத்து வந்த டிரைவருக்குக்கூட.

அக்கா காத்திருந்தாள்.

அவள்தான் படத்தொகுப்பாளர். தொண்ணூறு மணி நேரக் காட்சிகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அவன் கையை உதறிக்கொண்டான். ஜன்னல் இல்லாத அறையில் பதினான்கு மாதம் உட்கார்ந்து அதை ஒன்றே முக்கால் மணி நேரமாக்கினாள். ரயில் நிலையக் காட்சியை முழுசாகத் தூக்கியதற்கு அவன் பதினோரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாருக்கும் நன்றி என்று சொல்லித் தம்பி தலை குனிந்தான். அவ்வளவுதான்.

அவளுக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்தவளுக்கு எதற்கு நன்றி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் தமிழில் பேசியதைச் சொல்ல, பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அம்மாள் மைக்கை வாங்கினார். அந்த ஊர் மொழியில் தம்பிக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அக்கா அங்கே இரண்டு வருஷம் படித்தவள். எல்லாம் புரிந்தது.

தம்பி சொன்னதாக அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் எடுத்தது தொண்ணூறு மணி நேரம். அதற்குள் படம் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாது. தேடி எடுத்துக் கொடுத்தவள் என் அக்கா. அவள் வெட்டியதற்கெல்லாம் சண்டை போட்டேன். அவள் செய்ததுதான் சரி. இங்கேதான் இருக்கிறாள்."

அரங்கம் சிரித்தது, திரும்பிப் பார்த்தது, எழுந்து நின்று கை தட்டியது. தனக்குத்தான் என்று நினைத்துத் தம்பி இன்னொரு முறை தலை குனிந்தான்.

காலையில் சாப்பிடும்போது இந்த அம்மாளிடம் தொகுப்பறைக் கதையெல்லாம் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. மனசு கேட்காமல் தானாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். தம்பிக்குத் தோன்றாதது யாரோ எவரோ, அவருக்குத் தோன்றியிருக்கிறது.

விழா முடிந்ததும் நடைவழியில் அவரைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றிக்கொண்டாள். நீங்களாகவே என்னைப் பற்றிச் சேர்த்துச் சொன்னீர்களே என்றாள்.

"நானா எதையும் சேர்க்கலைங்க," என்றார் அவர். "நேத்தே எழுதிக் குடுத்துட்டார். மேடையில பதற்றத்துல முதல் பத்திய விட்டுட்டார். நான் விடலை."

மடித்த காகிதம் ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். தம்பியின் கோழிக் கிறுக்கல். முதல் பத்தியின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தம்பி ஓடி வந்தான். சிலையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"அக்கா, உன்னப் பத்தி சொல்லவே இல்லக்கா. மறந்தே போயிட்டேன்."

அவள் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"நீ முதல்ல சொன்னதே என்னப் பத்திதான்டா."