எல்லா விளக்கும் அணைந்த மாலை

வியாழனின் நிலவில் சுரங்கம் தோண்டப் போனவர்கள் நாளுக்கு ஒரு பைட், அதாவது எட்டு ஆம்-இல்லைகள் மட்டுமே வீட்டுக்கு அனுப்பலாம். தூத்துக்குடியில், அப்படிப் போன ரொசாரியோவின் வீட்டுச் சுவரில் அது எட்டு விளக்குகளாக எரிந்தது. ஒவ்வொரு விளக்கும் ஒரு கேள்விக்குப் பதில்: சாப்பிட்டானா, தூங்கினானா, காய்ச்சல் இருக்கிறதா. எட்டாவது கேள்வி அவன் தாயுடையது: ஜெபம் சொன்னானா.

அவன் மனைவி பிளாவியா அப்போதுதான் புரோகிராமிங் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

"மாமி, எட்டு வெளக்கையும் சேத்துப் பாத்தா இருநூத்தம்பத்தாறு விதமா எரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி வச்சுக்கிடலாம்."

"அப்போ எஞ்ஜெபம்?"

"அது நாப்பதாவது வரி."

"நாப்பதாவதா? ஆண்டவருக்குக் குடுக்க எடத்தப் பாரு!"

பிளாவியா ஒன்று முதல் இருநூற்றைம்பத்தாறு வரை எண்ணிட்டு வரிகளை அவனுக்கு அனுப்பினாள். கடைசி வரி, 'வேலையை விட்டுவிட்டேன், வருகிறேன்.'

ஒரு வாரம் பல்வலியும் பகடியுமாகப் பேச்சு நடந்தது. பிறகு ஒரு மாலை, செய்தி வரும் நேரத்தில் எட்டு விளக்குகளும் அணைந்தே இருந்தன.

பிளாவியாவுக்குத் தன் தவறு அப்போதுதான் புரிந்தது. பூஜ்யத்தில் தொடங்காமல் ஒன்றில் தொடங்கிவிட்டாள். எட்டு விளக்குகளில் இருநூற்றைம்பத்தைந்து வரைதான் எண்ண முடியும். அதற்கடுத்த எண்ணான கடைசி வரியை அனுப்பினால் எல்லாம் அணைந்துவிடும். அனுப்ப ஆளே இல்லாவிட்டாலும் சுவர் இப்படித்தான் இருக்கும்.

"என்னட்டி சொல்லுதான்?" என்றாள் மாமி.

"வாராவளாம், மாமி," என்றாள் பிளாவியா, சுவரைப் பார்த்தபடியே.