பவுடர் கொடுத்தவர்

"யார் கொடுத்தது இதை?"

டாக்டர் அந்த டப்பாவை மேஜையில் வைத்த வேகத்தில் மூடி தெறித்துப் போய் நர்ஸின் காலடியில் விழுந்தது.

எதிரே தையல்காரர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. நாலு நாளாகக் கால் துவண்டு, மெஷினை மிதிக்க முடியாமல் வந்திருக்கிறார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "வீட்டுல என்னென்ன சாப்பிடறீங்களோ எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லுங்க" என்றதால்தான் டப்பாவே வெளியே வந்தது.

"போன மாசம் மாத்திரை எழுதும்போது, வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க சார். இது மருந்து இல்லையே, சத்துப் பவுடர்தானேன்னு..."

"பெரிய சத்து! அமினோ ஆசிட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இதுல ஆர்ஜினைன் இருக்கு. கால் வீக்கத்துக்கு நான் கொடுத்த நீர் மாத்திரை, பொட்டாசியத்தை வெளியே விடாம உடம்புலயே நிறுத்தி வைக்கிற வகை. இந்த ஆர்ஜினைனும் ரத்தத்துல பொட்டாசியத்தை இன்னும் ஏத்திவிடும். எங்கே போய் முடியும் தெரியுமா? நெஞ்சு துடிக்கிறதே நின்னுடும்!"

கதவு திறந்தே இருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்தால் முப்பதாவது டோக்கன் வரைக்கும் கேட்கும். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் தையல்காரரிடம் துணி தைத்தவர்கள். அவர் முகம் சுண்டிப் போனது.

"கடைக்காரனா? ஜிம்முல எவனாவது தலையில கட்டினானா? பேரைச் சொல்லுங்க!"

"தெரிஞ்சவர்தான் சார்."

"தெரிஞ்சவராம்! விவரம் கெட்ட மனுஷன். அவர் கொடுத்தா நீங்க வாங்கித் தின்னுடறதா? வீட்டுல பிள்ளைங்க இல்லையா? பெத்தவர் என்னத்தை வாயில போடறார்னு கூடவா பார்க்க மாட்டாங்க?"

வெளியே யாரோ சிரித்தார்கள். தையல்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சட்டைப் பொத்தானைத் திருகினார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவருக்கு. ஆனாலும் பேரை மட்டும் சொல்லவில்லை.

"ரெண்டு நாள் இங்கேயே படுங்க. சிஸ்டர், பெட் ரெடி பண்ணுங்க."

நர்ஸ் போனதும் தையல்காரர் மெல்ல எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்தினார்.

"என்ன, இப்பவாவது சொல்லப் போறீங்களா?"

"அத்தனை பேர் முன்னால சொல்ல மனசு வரலை சார். ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமாம். இலவசமா வந்ததை எனக்குக் கொடுத்தார். இன்னொண்ணை அவரே சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். அவருக்கும் இதே நீர் மாத்திரைதான்."

"ஐயையோ! முதல்ல அவரை இங்கே வரச் சொல்லுங்க. யார் அது?"

"தினமும் காலையில நானும் அவரும் ஒண்ணாதான் நடப்போம்... உங்க அப்பா சார்."

டாக்டர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். அப்பாவுக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்ததே அவர்தான். எழுதிய அன்றைக்கு, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்த அப்பாதானே என்று விட்டுவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து அப்பாவின் நம்பரைத் தேடினார்.

"சார்..." தையல்காரர் தயங்கினார். "அவரைத் திட்டிடாதீங்க. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துதான் உங்ககிட்ட அவர் சொல்லவே இல்லை."