விரல் நுழையும் இடைவெளி

கதிர்வீச்சு அறையின் குளிரில் லாரி டிரைவர் மல்லாந்து கிடக்கிறார். சிகிச்சை தொடங்கிய நாளில் சூடாக்கி அவர் முகத்தில் படியவைத்த பிளாஸ்டிக் வலை முகமூடியை மேசையோடு பூட்டியாயிற்று. தலை அசைந்தால் தொண்டைக் கட்டிக்குக் கணக்குப் போட்ட கதிர் தண்டுவடத்தில் விழும். மருத்துவ இயற்பியல் முதுகலை மாணவி பச்சை லேசர் கோட்டைக் குறியோடு பொருத்துகிறாள். அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் குறி இருப்பது முகமூடியில், முகத்தில் அல்ல. கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறாள். அன்று நகம்கூட நுழையாத இடத்தில் விரல் முழுசாகப் போகிறது. ஆகாரம் இறங்காமல் முகம் வற்றிவிட்டது. வலைக்குள் உதடு அசைகிறது. "முதல்ல மூச்சு முட்டிச்சும்மா. இப்பதான் சௌகரியமா இருக்கு. நீதானே தளர்த்திக் குடுத்தே? புண்ணியமாப் போகும்." வாசலில் அவர் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கும் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தேறிட்டு வர்றாருன்னு நான் சொல்லல?" சுவர் ஒலிபெருக்கி கரகரக்கிறது. வெளியே கணினித் திரைமுன் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர், "மாஸ்க் டைட்டா இருக்காம்மா?" என்கிறார். விரல் இன்னும் கன்னப் பள்ளத்தில்தான் இருக்கிறது. "கொஞ்சம் உள்ள வாங்க சார்." மனைவியின் சிரிப்பு மாறவில்லை. டிரைவர் மட்டும் வலைக்குள்ளிருந்து கெஞ்சுகிறார். "மறுபடி இறுக்கச் சொல்லிடாதம்மா."