அக்கரைச் சங்கு

கழிமுகத்தின் இரு கரையிலும் இரண்டு மீனவ ஊர்கள் இருந்தன. ஊருக்கு ஒரு புயல் சங்கு, உயரமான கம்பத்தின் மேல். மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கு இரண்டையும் ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். இக்கரை ஊரான நண்டுத்துறையின் சங்குக் குரல் நாலு ஊருக்குக் கேட்கும். அதில் அதற்கு ஏகப் பெருமை.

ஒருமுறை அது ஊதி முடித்ததும் காக்கை பறந்து வந்தது. "அண்ணே, அக்கரைச் சங்கு இன்னிக்கு ஊதவே இல்லை. ஒயரை அணில் கடிச்சிருச்சு."

"அந்த ஊர்க்காரங்க கவனிக்கலையா?"

"எப்படிக் கவனிப்பாங்க? உங்க சத்தத்தைக் கேட்டுட்டு, நம்ம சங்கு நல்லாத்தான் ஊதுதுன்னு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க."

சங்குக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு, புயல் வரும் நாளில் தனக்கே கோளாறு வந்தால் அக்கரை என்னவாகும் என்று நினைத்து நடுங்கியது.

அடுத்த மாதம் பொத்தானை அழுத்தியதும் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் ஊருக்கு மட்டும் கேட்கும்படி ஊதியது.

"அண்ணே, வயசாயிடுச்சுன்னு உங்களைக் கழற்றிடப் போறாங்க!" என்று பதறியது காக்கை.

"கழற்றினா கழற்றட்டும். நீ அக்கரையைப் பாரு."

அக்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "மணி பத்தாச்சே, நம்ம சங்கு எங்கே?" என்றார்கள். ஒருவர் கம்பத்தில் ஏறி, அறுந்த ஒயரை முறுக்கிக் கட்டினார்.

மெல்லிய, இனிய குரல் ஒன்று தண்ணீரைத் தாண்டி எழுந்தது. அக்கரையில் ஒரே கைதட்டல். இத்தனை காலம் கூடவே ஊதியும், நண்டுத்துறைச் சங்கு அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

"அட, என்னமா ஊதுறான்!" என்றது காக்கையிடம்.